நோட்ஸ் எடுப்பது எப்படி? எல்லைப்பக்கத் தமிழ்வழிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கோரத்தில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். நடுவில் பெற்றோர் கேட்டவையும் உண்டு. மூணாறு, பீருமேடு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகம் இதேதான் என்பதால் அவர்களுக்கும் பொருந்தும்.

நோட்ஸுன்னா புத்தகத்துல இருக்கறதைச் சுருக்கி எழுதறதுதானே டீச்சர்?

பாதி சரி. சுருக்கம் மட்டும் போதும் என்றால் அதைப் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். புத்தகத்தை மூடிய பிறகு உங்களால் எதைச் சொல்ல முடிகிறது, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று காட்டிக்கொடுக்கும் தாள்தான் நோட்ஸ். அதனால் நன்றாகத் தெரிந்த பகுதிக்கு இரண்டு வரி போதும். தடுமாறுகிற இடத்துக்குப் பத்து வரி ஆனாலும் பரவாயில்லை.

வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையின் நோட்டை அப்படியே பார்த்து எழுதுவதில் அதிகப் பலன் இல்லாததும் இதனால்தான். அவள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கிளாஸ் நடக்கறப்பவே எழுதணுமா, வீட்டுக்கு வந்து எழுதினா ஆகாதா?

இரண்டும் வேண்டும். வகுப்பில் கொஞ்சம், வீட்டில் கொஞ்சம். 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பக்க அமைப்பு ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதானது இல்லை. பக்கத்தின் இடப்புறம் இரண்டு அங்குலம் விட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு. அடியில் ஐந்தாறு வரி விட்டு ஒரு குறுக்குக்கோடு. வகுப்பில் கேட்பதெல்லாம் வலப்புறத்தில் போகும், அரைகுறையாக இருந்தாலும் சரி. அன்று மாலையே அதைப் பார்த்து இடப்புறத்தில் கேள்விகளை எழுத வேண்டும். அடியில் அந்தப் பக்கம் முழுவதையும் சொந்த வார்த்தையில் இரண்டு வரி.

இடப்புறம் எழுதும் கேள்விதான் உயிர். "எதிரொளிப்பு" என்று தலைப்பு எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. "முகம் பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவது ஏன்?" என்று எழுதினால், பிறகு வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உங்களை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். அன்றைக்கே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

போர்டை போன்ல போட்டோ எடுத்துக்கிட்டா எழுதற வேலையே இல்லையே?

போட்டோவைத் திரும்பத் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சிக்கலான படத்துக்கு மட்டும் எடுங்கள், அன்று இரவே பார்த்து வரைந்துவிட்டு அழித்துவிடுங்கள்.

டேப்லெட்டில் டைப் செய்யலாமா என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்கிறார்கள். கையால் எழுதியவர்களுக்குக் கருத்து நன்றாகப் பிடிபடுகிறது என்று 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வேகமாக டைப் செய்கிறவர்கள் காதில் விழுந்ததை யோசிக்காமல் அப்படியே இறக்கிவிடுவதுதான் சிக்கல். அந்தப் பழக்கம் இல்லையென்றால் தாராளமாக டைப் செய்யுங்கள்.

ஏனுங்க டீச்சர், பொள்ளாச்சியில நல்ல கைடா பார்த்து வாங்கியாந்தோம். அது போதாதுங்களா?

கைடு நல்ல கைடாகத்தான் இருக்கும். ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதியது. நம் பிள்ளைகள் படிப்பது கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு. பாட வரிசை வேறு, கலைச்சொற்கள் பல இடங்களில் வேறு, கேள்வி கேட்கும் விதம் முற்றிலும் வேறு. இங்கே ஒரு சூழலையோ படத்தையோ அட்டவணையையோ கொடுத்துவிட்டு அதிலிருந்து விடை காணச் சொல்வார்கள். கைடில் இருக்கும் "சிறு வினா, நெடு வினா" விடைகளை மனப்பாடம் செய்த பிள்ளை, அப்படிப்பட்ட கேள்வியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடும்.

வாங்கிவிட்டீர்கள், தூக்கிப் போட வேண்டாம். கணக்குப் பயிற்சிக்கும், விளங்காத ஓர் இடத்தை வேறு வார்த்தையில் படித்துப் பார்க்கவும் உதவும். நம் புத்தகம் தொலைந்துபோனால் கேரளக் கல்வித்துறையின் சமக்ரா தளத்தில் தமிழ்ப் பதிப்பை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

அண்ணனோட பத்தாங்கிளாஸ் நோட்டு பத்திரமா இருக்கு. அதை வெச்சுப் படிக்கலாமா?

அண்ணன் எந்த வருஷம் எழுதினான் என்று பாருங்கள். கேரளத்தில் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கு 2024இலும், 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கு 2025இலும் புதிய புத்தகங்கள் வந்துவிட்டன. அதற்கு முந்திய நோட்டு என்றால் பாடங்களே இடம் மாறியிருக்கும், சில இருக்கவே இருக்காது. கணக்கிலும் அறிவியலிலும் அடிப்படை மாறவில்லை, அதற்கு மட்டும் பயன்படுத்தலாம். சமூக அறிவியலுக்கு அந்த நோட்டை நம்ப வேண்டாம்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி எழுதினா ஆகாதா?

ஆகாது. கார்னெல் பக்கம் எல்லாவற்றுக்கும் பொது, ஆனால் அதில் நிரப்புவது பாடத்துக்குப் பாடம் மாறும். இயற்பியலை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தின் வெப்ப விளைவுக்கு எல்லோரும் எழுதி வைத்திருக்கும் வரி இது: வெப்பம் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை × நேரம். ஜூல் விதி. பக்கத்திலேயே "மின்தடை கூடினால் வெப்பம் கூடும்" என்று சிவப்பில் இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரியில்தான் வம்பு.

நம் வீட்டு இணைப்பு 230 வோல்ட். அதில் மாட்டுகிற 1000 வாட் ஹீட்டரின் மின்தடை 52.9 ஓம். 2000 வாட் ஹீட்டருக்கோ 26.45 ஓம்தான். மின்தடை பாதி, வெப்பம் இருமடங்கு! விதி பொய்யா? இல்லை. வோல்டேஜ் மாறாமல் இருக்கும்போது மின்தடை பாதியானால் மின்னோட்டம் இரண்டு மடங்காகிவிடும். அதன் வர்க்கம் நான்கு மடங்கு. அதைப் பாதி மின்தடையால் பெருக்கினால் மொத்தம் இரண்டு மடங்கு. மின்தடை கூடினால் வெப்பம் கூடும் என்பது, தொடர் இணைப்பில் இருப்பதுபோல மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது மட்டும் சரி.

ஆகவே இயற்பியல் நோட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் கீழே "எது மாறாமல் இருக்கும்போது?" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அலகும் வேண்டும். வேதியியலிலும் அப்படித்தான். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம் என்று எழுதினால் "கிராம்" என்பதை விட்டுவிடாதீர்கள். பாதி மார்க் போவது அங்கேதான்.

கணக்குக்கு எதுக்கு டீச்சர் நோட்ஸ்? போட்டுப் பார்த்தாப் போதாதா?

போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால் கூடவே ஒரு தப்பு நோட்டு வையுங்கள். தப்பாகப் போட்ட வரியை அப்படியே இடப்புறம் எழுதுங்கள், ஏன் தப்பு என்று வலப்புறம் எழுதுங்கள். சரியாகப் போட்ட கணக்கை அழகாக எடுத்து எழுதும் பிள்ளைகள்தான் அதிகம். அது கண்ணுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சூத்திரம் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சின்னத் தடயமும் வையுங்கள். 1, 3, 5 என்று ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால், எத்தனை எண்களோ அதன் வர்க்கம் வரும். 1+3 = 4, 1+3+5 = 9, 1+3+5+7 = 16. பக்கத்தில் புள்ளிகளால் ஒரு சதுரம் வரைந்து, ஒவ்வொரு ஒற்றை எண்ணும் அதன் இரண்டு ஓரங்களில் எப்படிச் சேர்கிறது என்று காட்டிவிட்டால் பரீட்சையில் மறந்தாலும் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.

உயிரியல்ல படமே வர மாட்டேங்குது. எழுத்துல எழுதினா மார்க் குடுப்பாங்களா?

படம் கேட்டால் படம்தான். அழகு வேண்டாம், பாகங்களும் அம்புக்குறிகளும் சரியாக இருந்தால் போதும். இதயத்துக்கு நான்கு கட்டம் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இரத்தம் போகிற வழியை அம்பு போட்டுக்கொண்டே வாயால் சொல்லுங்கள்: வலது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா.

இதில் ஒரு பொறி உண்டு. தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்று எல்லோரும் எழுதி வைத்திருப்பார்கள். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோனால் தமனி, இதயத்துக்குக் கொண்டுவந்தால் சிரை. இப்படிப்பட்ட விதிவிலக்குகளுக்கு நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களை ஒதுக்கி வையுங்கள்.

சமூக அறிவியல் பக்கம் பக்கமா இருக்கு, வருஷமெல்லாம் குழம்புது. எப்படி நோட்ஸ் எடுக்கறது?

வருஷங்களைத் தனித்தனியாக எழுதினால் குழம்பத்தான் செய்யும். ஒன்றால் இன்னொன்று நடந்தது என்று அம்பு போட்டு எழுத வேண்டும். மொழிவாரி மாநிலம் என்ற பாடத்தை இப்படி ஒரே பக்கத்தில் அடக்கலாம்: தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இறந்தார் → 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது → மற்றவர்களும் கேட்கவே, 1953 டிசம்பரில் ஃபசல் அலி தலைமையில் ஆணையம் → 1955இல் அறிக்கை → 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மாறின. எதனால் எது என்று தெரிந்தால் நடுவில் ஒரு வருஷம் மறந்தாலும் முன்பின் வைத்துப் பிடித்துவிடலாம்.

பிறகு அந்தப் பக்கத்தில் நம் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்தூர் வட்டம் கொச்சி அரசில் இருந்தது. பாலக்காடு நகரம் மதராசின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956இல் மலபாரும் சேர்ந்து கேரளம் ஆனது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் மதராசுக்குப் போயின, தேவிகுளமும் பீருமேடும் இங்கேயே நின்றன. "நாம ஏன் கேரளாவுல இருக்கோம்?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கமே பதில். இதைப் படித்துவிட்டு மறந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

புவியியலுக்கு வரைபடம் இல்லாமல் நோட்ஸ் எழுதவே எழுதாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் பாலக்காட்டுக் கணவாய், அதன் வழியே மேற்கே ஓடும் பாரதப்புழை, நம் பக்கத்துச் சித்தூர்ப்புழை. நம் கிழக்குப் பஞ்சாயத்துகள் ஏன் இவ்வளவு வறண்டு கிடக்கின்றன, சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் ஏன் எழுத வேண்டிவந்தது என்றெல்லாம் அந்தப் படத்தைச் சுற்றியே குறித்துக்கொள்ளலாம்.

தமிழ் நம்ம பாஷைதானே, அதுக்குமா நோட்ஸ்?

செய்யுளுக்கும் கதைக்கும் பெரிதாக வேண்டாம். படித்தபோது மனதில் தோன்றியதை இரண்டு வரி எழுதி வையுங்கள், போதும். கைடில் இருக்கும் "நயம் பாராட்டுதல்" விடைகள் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும், திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இலக்கணத்துக்கு வேண்டும், அதுவும் சொந்த உதாரணத்தோடு. "புத்தகத்தைப் படி": ஐ வெளிப்படையாக வந்ததால் வல்லினம் மிகும். "ஊறுகாய்", "சுடுசோறு": வினைத்தொகை, மிகாது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுத்த உதாரணம் மறக்காது. புத்தக உதாரணம் பரீட்சை முடிந்த அன்றே போய்விடும்.

டீச்சர் பாதி தமிழ்ல பாதி மலையாளத்துல சொல்றாங்க. நோட்ஸ் எதுல எழுதறது?

காதில் விழுந்தபடி எழுதுங்கள். வகுப்பில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் அடுத்த வரி போய்விடும். மாலையில் கேள்வி எழுதும்போது பாடப்புத்தகத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். நோட்டின் கடைசியில் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று பத்தி போட்டு முக்கியமான சொற்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் பிளஸ் ஒன் போகும்போது கையில் சொந்த அகராதி ஒன்று இருக்கும்.

எழுதி முடிச்சாச்சு. எத்தனை தடவை படிச்சா மனசுல நிக்கும்?

இத்தனை தடவை என்று கணக்கு இல்லை. திரும்பத் திரும்பப் படிப்பதே பலன் குறைந்த வழி. படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகும், தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும். கற்கும் முறைகளை ஒப்பிட்டு 2013இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதில் அடிக்கோடு போடுவதற்கும் மறுபடி படிப்பதற்கும் கிடைத்தது கீழ்வரிசை. மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது.

எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன் மேலேயே சோதனை செய்து காட்டினார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மறதி மிக வேகம், அப்புறம் மெதுவாகும். அன்று மாலையே எழுதச் சொன்னது இதனால்தான். அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, வார முடிவில் ஒரு தடவை, மாத முடிவில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வலப்புறத்தை மறைத்துவிட்டு.

சூத்திரம், வருஷம், சொல் போன்றவற்றுக்குச் சின்னச் சின்ன அட்டைகள் நல்லது. முன்னால் கேள்வி, பின்னால் விடை. மூன்று காலி டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் டப்பாவுக்கே திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரத்துக்கு ஒரு தடவை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. தெரிந்த அட்டைகளில் நேரம் வீணாகாது.

கலர் பேனா, ஸ்கெட்ச், ஸ்டிக்கர் எல்லாம்?

இரண்டு நிறம் போதும். மற்றது பொழுதுபோக்கு.

பிளஸ் ஒன் போனா எல்லாம் இங்கிலீஷ். பத்து வரைக்கும் தமிழ்ல படிச்சது வீண்தானே?

வீணாகாது, ஆனால் முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். எல்லைப்பக்கப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு, பலரும் கவனிப்பதில்லை. கேரளப் பிளஸ் ஒன் இயற்பியல், வேதியியல், கணக்கு எல்லாம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகத்திலும் விசை, இயக்கம், வெப்ப இயக்கவியல், வேதிப்பிணைப்பு என்று பெரும்பகுதி இதே பொருள்தான். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் தமிழில் ஒரு தடவை படித்து விளங்கிக்கொள்ளுங்கள். நோட்ஸை மட்டும் என்.சி.இ.ஆர்.டி. வரிசைப்படி, இங்கிலீஷ் சொற்களைப் போட்டு எழுதுங்கள். விளக்கம் தமிழில் இருந்தால் தப்பில்லை.

"தமிழ்நாட்டுக் கைடு வேண்டாம்னீங்க, இப்ப தமிழ்நாட்டுப் புத்தகம் படிங்கறீங்க?" என்று உடனே கேட்பார்கள். அங்கே சொன்னது விடையை மனப்பாடம் செய்வது பற்றி. இங்கே சொல்வது பொருள் விளங்குவது பற்றி.

காமர்ஸ் எடுத்தவர்கள் பற்று, வரவு விதிகளை எழுதி வைப்பதோடு நிறுத்தாமல், வீட்டுக் கடைக்கு ஒரு வாரம் பதிவு எழுதிப் பாருங்கள். கடனுக்குச் சரக்கு விற்றால் வாங்கியவர் கணக்கு பற்று, விற்பனைக் கணக்கு வரவு. நாலு நாளில் கை தானாகவே எழுதும்.

ஏஐகிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல நோட்ஸ் எழுதித் தருதே?

தரும். தமிழ்நாடு, சி.பி.எஸ்.இ., கேரளம் மூன்றையும் கலந்து தரும், நம் புத்தகத்தில் இல்லாத சொல்லைப் போட்டுத் தரும், சில சமயம் தப்பையும் தைரியமாகச் சொல்லும். ஒவ்வொரு வரியையும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுமை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட, உங்கள் நோட்ஸைக் கொடுத்து "இதிலிருந்து பத்துக் கேள்வி கேள்" என்று சொல்லுங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை நினைத்துக்கொள்ளுங்கள்: தடுமாறும் இடம் உங்களுடையது, அது உங்கள் கையில்தான் தெரியவரும்.

புத்தகத்தையோ கைடையோ ஜெராக்ஸ் எடுத்தாக் கேஸாகுமா?

படிப்பதற்காக வேண்டிய பகுதியை எடுத்தால் பயப்பட வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கல்விக்கு விலக்கு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடத்துக்கான நகல் தொகுப்புகளை அனுமதித்தது. முழுக் கைடையும் நகலெடுத்து விற்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கு டீச்சர், ஒரு நோட்ஸும் எழுதலை. இப்ப என்ன பண்றது?

புதிதாக எழுத உட்காராதீர்கள். ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, மாடல் பரீட்சை வினாத்தாள்களை எடுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள். வராத கேள்விகளுக்கு மட்டும் பாடத்துக்கு ஒரு தாள், முன்னும் பின்னும். அவ்வளவுதான் உங்கள் நோட்ஸ். இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு எழுத்துத் தேர்வு 40 மார்க்தான் என்பதால் ஒரு தாளில் அடங்கிவிடும். சமூக அறிவியலுக்கு வரைபடமும் மேலே சொன்ன அம்புக்குறிப் பக்கங்களும் மட்டும்.

தேர்வு அறையில் வினாத்தாளைப் படிக்கத் தருகிற 15 நிமிஷக் கூல் ஆஃப் நேரத்தைச் சும்மா விடாதீர்கள். எழுதக் கூடாது, யோசிக்கலாம். எதை விடுவது, எதை முதலில் எழுதுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அக்கா கவர்மென்ட் வேலைக்காக பிஎஸ்சி பரீட்சைக்குப் படிக்கறா, என் பத்தாங்கிளாஸ் நோட்டைக் கேக்கறா. குடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். கேரள பிஎஸ்சியில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் வினாத்தாள் தரும் தேர்வுகள் இருப்பதால் பள்ளித் தமிழ்ச் சொற்கள் அக்காவுக்கு உதவும். வைக்கம் சத்தியாகிரகம் 1924 மார்ச்சில் தொடங்கி 1925 நவம்பரில் முடிந்தது, பெரியார் அதில் சிறை சென்றார் என்பது போன்ற வரிகளை அவள் தனி அட்டைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கொள்குறி வினா, தப்புக்கு மார்க் குறைப்பார்கள், அதனால் அரைகுறையாகத் தெரிந்தது ஆபத்து. உங்கள் அசல் நோட்டு மட்டும் மாடல் பரீட்சை முடிகிறவரை வீட்டை விட்டுப் போக வேண்டாம்.